ஐயும் ஜேயும் ஒரு கண்டன்சரும்

"ஐயா, வீட்ல லாக் டேபிள் இருக்குமா?"

வாசலில் குடையை மடக்காமல் நின்றபடி அந்த மனிதர் கேட்டார். சாரல் குறுக்கே அடித்ததில் குடை அவருடைய தலையை மட்டும்தான் காப்பாற்றியிருந்தது. முழங்காலுக்குக் கீழே வேட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. செருப்பெல்லாம் மரத்தூள்.

எங்கள் அப்பா பத்திரம் எழுதுகிறவர். எதையும் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்ப்பார்.

"லாக்குன்னா பூட்டு. கோயில் வாசல் கடையில கெடைக்கும். டேபிளுன்னா மேசை. அதுக்கு ஆசாரிகிட்ட சொல்லணும். ரெண்டையும் சேத்து இங்கன வந்து கேக்கீரே தம்பி!"

"இல்ல ஐயா, லாகரிதம். கணக்குப் புத்தகம். இந்த வீட்ல கணக்கு டீச்சர் இருக்காங்கன்னு சொன்னாங்க."

நான் உள்ளே பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

உங்களுக்குக் கல்யாணம் எப்படி நடந்தது, அதை மட்டும் ஏன் எழுதாமல் தாண்டிப் போகிறீர்கள் என்று ராயகிரியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். தாண்டவில்லை அம்மா. என் வீட்டுக்காரர் இந்தத் தொடரை அச்சுக்குப் போகும் முன்பே படித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் திருத்தம் எழுதுகிறார். அவரைப் பற்றி எழுத எனக்குத் தைரியம் வர இத்தனை வாரம் ஆயிற்று. குடையும் மரத்தூளுமாக வந்து நின்றவர் அவர்தான்.

(பென்சில் குறிப்பு: "வேட்டி ஒட்டவில்லை. நான் அன்று பேண்ட்." அன்று வேட்டிதான். பேண்ட் கொடியில் இரண்டு நாளாகக் காயாமல் தொங்கியதை அவரே பிறகு சொன்னார்.)

ஊதிப்போன அளவுகோல்

அறுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் சண்முகசுந்தரம். சொந்த ஊர் வாசுதேவநல்லூர். பி.இ. படித்துவிட்டு, செங்கோட்டை சாலையில் இருந்த ஒரு மர அறுவை மில்லில் இன்ஜினியராகச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. எங்கள் தெருக்கோடியில் ஓர் அறையில் குடியிருந்தார்.

அவர் மேல்சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்லைடு ரூல் இருக்கும். மரத்தால் ஆனது. நடுவில் உள்ள பட்டையை இழுத்துத் தள்ளிப் பெருக்கலும் வகுத்தலும் போடுவார்கள். கால்குலேட்டரெல்லாம் வராத நாட்கள். கல்லூரியில் பரிசாக வாங்கியது என்று அதைத் துணியில் சுற்றி வைத்திருப்பார்.

தென்காசி சாரலுக்குப் பரிசு, பட்டம் எதுவும் தெரியாது. ஆனி பிறந்தால் எங்கள் வீட்டுக் கதவுகள் சாத்த மாட்டேன் என்று அடம்பிடிக்கும். மேசை இழுப்பறை பாதியில் நின்றுவிடும். உப்பு ஜாடியில் தண்ணீர் தேங்கும். அந்த வருஷம் ஸ்லைடு ரூலும் ஊதிக்கொண்டது. நடுப்பட்டை ஒரு நூல்கூட நகரவில்லை. அதனால்தான் லாக் டேபிள்.

நான் என் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். "என்ன கணக்கு சார்?" என்றேன், சும்மா இருக்க முடியாமல்.

பெரிய தப்பு. அவர் உட்கார்ந்துவிட்டார்.

இல்லாத எண்

மில்லில் பெரிய பெரிய மோட்டார்கள். மரம் அறுபடாத நேரத்தில் அவை சும்மா சுற்றிக்கொண்டு, கம்பியில் வீணாகக் கரண்டை இழுக்கும். அதைச் சரிக்கட்ட ஒரு கண்டன்சர் வைக்கச் சொல்லி மின்சார அலுவலகத்தார் நெருக்கியிருந்தார்கள். இரும்புப் பெட்டி மாதிரி இருக்கும், மின்சாரத்தைக் கொஞ்சம் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ளும். வேறொரு மில்லில் ஓடிய பழைய கண்டன்சர் ஒன்று வந்து சேர்ந்தது. அதைப் பொருத்தியது நம்மாள்.

பொருத்தியது முதல், சில சமயம் சுவிட்சைப் போட்டால் 'டமார்' என்று ஃபியூஸ் வெடித்தது. சில சமயம் ஒன்றும் ஆகவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்கத்தான் கணக்கு.

கணக்கு பிடிக்காதவர்கள் இந்த ஒரு பத்தியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் வீட்டுக்கு வரும் கரண்ட் ஆற்றுத் தண்ணீர் போல ஒரே பக்கம் ஓடுவதில்லை. விநாடிக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னும் அலைகிறது. மோட்டாருக்குள் போகிற அலை சற்றுப் பிந்தும். கண்டன்சருக்குள் போகிற அலை சற்று முந்தும். முந்துவதையும் பிந்துவதையும் கூட்டிக் கழிப்பது தலைவலி. அங்கேதான் மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம் உதவிக்கு வரும். எந்த எண்ணையும் அதால் பெருக்கினால் எண் கால் வட்டம் திரும்பிக்கொள்ளும். முந்துவது ஒரு பக்கம் திரும்பல், பிந்துவது மறுபக்கம் திரும்பல். அவ்வளவுதான், அலையெல்லாம் சாதாரணக் கூட்டல் கழித்தலாகிவிடும்.

கல்லூரியில் நான் இதைப் படித்தபோது அப்பா புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "கற்பனை எண்ணா? இல்லாத எண்ணுக்கு இருக்கிற மார்க்கு எப்படிட்டி போடுதாக?" என்று கேட்டார். பத்திரத்தில் இல்லாத நிலத்தை எழுதினால் ஜெயிலாம். கணக்கில் எழுதினால் முதல் வகுப்பாம். அவருக்கு அது கடைசிவரை ஆறவில்லை.

சண்முகசுந்தரம் தாளை நீட்டினார். நாலு பக்கம். பக்கமெல்லாம் 'ஜே'.

"இது என்ன சார், ஜே?"

"மைனஸ் ஒண்ணோட ஸ்கொயர் ரூட்."

"அது ஐ."

"எங்களுக்கு ஐ-ன்னா கரண்ட் டீச்சர். குழப்பம் வந்துரும்னு ஜே போடுவோம்."

"கரண்டுக்கு வேற எழுத்தே கெடைக்கலையா? முதல்ல வந்து உக்காந்தது நாங்க. பின்னால வந்த நீங்கதான தள்ளி உக்காரணும்?"

அவர் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். அப்பா தூணோரம் உட்கார்ந்து, ஏதோ எல்லைத் தகராறு நடக்கிறது என்கிற சுவாரசியத்தில் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிறகு தினமும் ஏதாவது சந்தேகம் வந்தது. ஒரு நாள் ஸைன் டேபிள் வேண்டும். ஒரு நாள் அதே டேபிளை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

(பென்சில் குறிப்பு: "உண்மையான சந்தேகங்கள்." இருக்கட்டும்.)

அறிக்கை

அவருடைய கணக்கில் தவறே இல்லை. நானும் சரிபார்த்தேன். அந்தக் கணக்குப்படி ஃபியூஸ் வெடிக்கக் கூடாது.

ஆனால் நான் கவனித்த ஒன்று இருந்தது. "இதெல்லாம் கரண்ட் ஓட ஆரம்பிச்சு நிலைப்பட்ட பிறகு உள்ள கணக்கு சார். டிஃபரன்ஷியல் ஈக்வேஷனுக்கு விடை ரெண்டு பங்கா வரும்லா. ஒண்ணு நிலைக்கிறது, இன்னொண்ணு கொஞ்ச நேரத்துல செத்துப் போறது. அந்த ரெண்டாவதை நீங்க எழுதவே இல்லையே?"

"அது ஒரு விநாடிகூட நிக்காது டீச்சர். விட்டுருவோம்."

"சாகுறதுக்குள்ள ஃபியூஸைக் கொன்னுட்டுப் போகுதோ என்னமோ?"

அவருக்குப் பிடிக்கவில்லை. தொடக்கத்தில் எல்லாம் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு ஒரு வரியில் போட்டுக் காட்டினார். "பாருங்க, பெருசா ஒண்ணுமில்ல" என்றார். தொடக்கத்தில் எல்லாம் பூஜ்யம்தானா என்று நானும் அப்போது கேட்கவில்லை. மில்லை நான் பார்த்ததே இல்லை.

அப்புறம் நாலைந்து நாள் ஆளைக் காணோம். வந்தபோது முகம் சரியில்லை.

ஃபியூஸ் இந்தத் தடவை மோசமாக வெடித்திருந்தது. சுவிட்சைப் போட்ட வயர்மேன் மீரானுக்கு வலதுகையில் நெருப்புக் காயம். புருவம் பொசுங்கிவிட்டது. முதலாளி அறிக்கை கேட்டார். 'கணக்குப்படி கருவியில் குறையில்லை. சுவிட்சைச் சரியாக அழுத்திப் போடாத கவனக்குறைவே காரணம்' என்று இவர் எழுதிக் கொடுத்துவிட்டார். மீரானை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

"அவரு சுவிட்சைச் சரியாப் போடலைன்னு யாரு பாத்தா?" என்று கேட்டேன்.

"கணக்குல வேற காரணம் இல்லையே டீச்சர்."

அன்றைக்கு நான் அவருக்குக் காபி கொடுக்கவில்லை. இதை அவர் இன்றும் சொல்லிக்காட்டுவார்.

பழக்கடையில் ஒரு கேள்வி

அப்பா சீசனில் ஞாயிறு தவறாமல் குற்றாலம் போவார். அந்த ஞாயிறு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பியவர், தெருவில் எதிர்ப்பட்ட இன்ஜினியரையும் விடவில்லை. "இத்தனை மாசமா இங்கன இருந்துக்கிட்டு இன்னும் அருவியில நனையலையா? வாரும்வே!"

பேரருவியில் நல்ல தண்ணீர். பெண்கள் பக்கம் நான் குளித்து வந்தபோது அவர்கள் இருவரும் தலை துவட்டிக்கொண்டு நின்றார்கள். எண்ணெயும் ஈரத்துணியும் வறுத்த கடலையும் கலந்த வாசனை. இன்ஜினியருடைய கண்கள் சிவந்து, நடுவகிடு கலைந்து, பார்க்க மனுஷனாக இருந்தார்.

பழக்கடை வரிசையில் நடந்தோம். திடீரென்று அவர் குடையை முகத்துக்கு முன்னால் சாய்த்தார். மழை அந்தப் பக்கத்திலிருந்து வரவே இல்லை.

"என்ன சார், மழைக்கா மறைவு?" என்று ஒரு கடைக்குள்ளிருந்து குரல் வந்தது. "வாங்க. மங்குஸ்தான் நல்லாருக்கு."

மீரான். மச்சானுடைய கடையில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். வலதுகை முழுக்கக் கட்டு. இடதுகையால் பழத்தை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். இருவருக்கும் ஏற்கெனவே பழக்கம். மீரான் வீட்டுப் பத்திரம் அப்பா எழுதியது.

இன்ஜினியர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டுமா? அந்த ஃபியூஸ் எப்பல்லாம் வெடிக்கும்?"

மீரான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதை இதுவரைக்கும் யாரும் என்கிட்ட கேக்கலை டீச்சரம்மா."

பிறகு நிதானமாகச் சொன்னார். "காலையில மொதல்ல போடும்போது வெடிக்காது. மத்தியானம் சாப்ட்டுட்டு வந்து போட்டாலும் வெடிக்காது. இப்பம் சாரலா, மரமெல்லாம் ஈரம். வாள் சிக்கிக்கிடுது, பெல்ட்டு வழுக்குது. மெஷினை நிறுத்துனா கண்டன்சரையும் நிறுத்தணும்னு சார் உத்தரவு. நிறுத்துவேன். பெல்ட்டைச் சரிபண்ணி உடனே போடச் சொல்லுவாக. அப்படி உடனே போடும்போதுதான் வெடிக்கும். அதுவும் எல்லா தடவையும் இல்ல. ரெண்டு மூணு தடவைக்கு ஒருக்க. சார்ட்ட ரெண்டு வாட்டி சொன்னேன். அவுக நோட்டுல எழுதிக்கிட்டிருந்தாக."

எனக்குக் கையெல்லாம் பரபரத்தது. பழம் கட்டும் காகிதத்தில் ஒன்றை வாங்கி, அங்கேயே பெஞ்சில் வைத்து எழுதினேன்.

"சார், நீங்க தொடக்கத்துல கண்டன்சர் காலின்னு எடுத்துக்கிட்டீங்க. நிறுத்தினதும் அது காலியாகலை. நிறுத்துன நேரத்துல அலை உச்சியில இருந்தா அந்த உச்சி அப்படியே உள்ள தங்கிடுது. உடனே மறுபடி போடும்போது வெளிய அலை எதிர்ப்பக்க உச்சியில இருந்தா என்ன ஆகும்? வித்தியாசம் ரெண்டு மடங்கு. அதான் டமார். வெளிய உள்ளதும் உள்ள இருக்கிறதும் அகஸ்மாத்தா ஒண்ணா இருந்தா சத்தமே வராது. சாப்பாட்டு நேரம் முழுக்க விட்டா, தானா கசிஞ்சு காலியாயிடும்."

மீரான் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்பம் நான் சொன்னதையேதான் நீங்களும் எழுதியிருக்கிய?"

"அதேதான் அண்ணாச்சி."

நான் வெற்றியோடு திரும்பிப் பார்த்தேன். இன்ஜினியர் வெளுத்துப் போயிருந்தார். கையில் உரித்த மங்குஸ்தான் அப்படியே இருந்தது; ஊதாச் சாறு விரல் வழியாக இறங்கியது.

பஸ் நிற்கும் இடத்தில்

திரும்பும் பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்பா சுக்குக் காபி வாங்கப் போனார். அந்த ஐந்து நிமிடத்தில் இன்ஜினியர் சொன்னார்.

"டீச்சர், அந்தக் கண்டன்சர் வரும்போது மேல ரெண்டு ரெசிஸ்டென்ஸ் துண்டு இருந்துச்சு. குறுக்கால கட்டியிருந்தாங்க. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓடுற நேரத்துல அதால ஒரு பிரயோஜனமும் இல்ல, கொஞ்சம் கரண்டு தின்னுது, அவ்வளவுதான். வீண்னு கழட்டிப் போட்டுட்டேன்."

நிறுத்தியதும் கண்டன்சரைக் காலி பண்ணத்தான் அந்தத் துண்டுகள். எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. நாளைக்குப் போய்ச் சத்தமில்லாமத் திருப்பி மாட்டினா வெடிக்கிறது நின்னுடும். எல்லாம் சரியாயிடும்."

"மீரான் அண்ணாச்சிக்கு?"

பஸ் வந்தது. நான் பெண்கள் இருக்கையில் போய் உட்கார்ந்தேன். என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது. ஆனால் நான் சொல்லி அவர் செய்தால் அது என் கணக்கு ஆகிவிடும் என்று தோன்றியது. அவர் போட வேண்டிய கணக்கு அது.

மூன்று நாள் அவர் தெருவில் தலைகாட்டவில்லை. வகுப்பில் பிள்ளைகள் சுலபமான கணக்கைத் தப்பாகப் போட்டார்கள். நான் சரி என்று டிக் அடித்து வைத்தேன். அவர் முதலாளியிடம் போய்ச் சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அளவுக்கு எனக்கு அவர்மேல் அக்கறை இருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஜாமீன்

நாலாம் நாள் சாயங்காலம் இருவருமாக வந்தார்கள். முன்னால் மீரான், பின்னால் இன்ஜினியர். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

மீரான்தான் பேசினார். "அண்ணாச்சி, இன்னைக்கு என்னை மில்லுக்கு வரச் சொல்லி ஆள் விட்டிருந்தாரு சார். போனேன். மொதலாளி முன்னால என்னை நிறுத்தி வச்சிக்கிட்டு, 'மீரான் மேல தப்பில்ல. பாதுகாப்புக்கு இருந்த ரெண்டு துண்டைக் கழட்டுனது நான். அது எதுக்குன்னு தெரியாமக் கழட்டுனேன். அறிக்கையும் தப்பு. மீரான் ரெண்டு தடவ சொன்னாரு, நான் கேக்கலை'ன்னாரு."

"மொதலாளி என்ன சொன்னாரு?"

"அவருக்கு ஒண்ணும் ஓடலை அண்ணாச்சி. 'நீரு கழட்டுனது யாருக்காவது தெரியுமாவே?'ன்னு கேட்டாரு. தெரியாதுன்னாரு சார். 'பின்ன எதுக்குவே வந்து சொல்லுதீரு?'ன்னாரு மொதலாளி. நெசமாவே புரியாமத்தான் கேட்டாரு!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மீரானை மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார் முதலாளி. இன்ஜினியரை அந்த மாதத்தோடு கணக்கை முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். பழைய துண்டுகள் மரத்தூள் குவியலில் எங்கோ போய்விட்டிருந்தன. அதனால் மத்தியானமே இருவரும் சேர்ந்து, அவற்றுக்குப் பதிலாக இரண்டு பல்புகளை வரிசையாகக் கண்டன்சருக்குக் குறுக்கே கட்டியிருந்தார்கள். யோசனை மீரானுடையது. கண்டன்சரை நிறுத்தினால் பல்பு சிவந்து, மங்கி, கண்மூடித் திறப்பதற்குள் அணையும். அணைந்த பிறகு போட்டால் போதும், யாருக்கும் கை சுடாது. பதினைந்து தடவை போட்டுப் பார்த்தார்களாம். பதினைந்து தடவையும் சுவிட்சைப் பிடித்தது இன்ஜினியர். மீரானைத் தொட விடவில்லையாம்.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு மீரான் இன்ஜினியரை முழங்கையால் இடித்தார். இன்ஜினியர் எழுந்து நின்றார். வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"ஐயா... டீச்சரை... எனக்கு..."

"லாக் டேபிள் எதுவும் வேணுமா தம்பி?" என்றார் அப்பா. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வாசுதேவநல்லூரில் உறவுமுறையெல்லாம் விசாரித்து ஒரு மாதம் ஆகிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

"உங்க மகளைக் கேட்டு வந்திருக்கேன்."

"வேலை இருந்த அன்னைக்குக் கேட்டிருக்கலாம்லா? போன அன்னைக்கு வந்து கேக்கீரே!"

"இதைச் சொல்லாம வந்து கேக்க முடியல ஐயா."

அப்பா மீரானைப் பார்த்தார். "நீ எதுக்குப்பா கூட வந்த? கையைச் சுட்டவருக்கு நீயே ஜாமீனா?"

"ஆமா அண்ணாச்சி." மீரான் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் யோசித்துச் சொன்னார். "இவரு தப்பு பண்ணுவாரு. அதுல ஒரு சந்தேகமும் வேண்டாம். ஆனா பண்ணுனா, தானா வந்து சொல்லிருவாரு."

அவர் சொன்னதில் இரண்டு பாதியும் உண்மை என்று இத்தனை வருஷம் கழித்து நான் கையெழுத்துப் போடத் தயார். இந்த இடத்தில் ஓரத்தில் பென்சில் குறிப்பு எதுவும் இல்லை.

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏட்டி கோமதி, நீ என்ன சொல்லுத?"

"அண்ணாச்சி சொன்னதுல எனக்கு மறுப்பில்லப்பா" என்றேன். முகம் சுட்டது.

அப்பா கண்ணாடியை எடுத்து நிதானமாகத் துடைத்தார். பத்திரத்தில் சாட்சியின் வார்த்தையை எழுதும் முன்பு அப்படித்தான் துடைப்பார். பிறகு மாட்டிக்கொண்டு சொன்னார்:

"ஆடி போயி ஆவணி பிறக்கட்டும். அதுக்குள்ள மாப்பிள ஒரு வேலை தேடிக்கிடணும்."